மணமகள் தாதி, வீசாவில் மனைவி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கல்யாணம் பேசப்படும் வீடுகளில் பெண் ஒரு தாதிய உத்தியோகத்தர் என்றால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. மாப்பிள்ளை இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்தால் அந்த மதிப்பு இரட்டிப்பாகிவிடும். "நேர்ஸ் என்றால் எந்த நாட்டுக்குப் போனாலும் அடுத்த மாதமே வேலை" என்பது தரகரின் வாக்கு. பெண் வீட்டாரும் அதை நம்புகின்றனர், மாப்பிள்ளை வீட்டாரும் நம்புகின்றனர். சீதனப் பேச்சில்கூட இந்த நம்பிக்கைக்கு ஒரு விலை வைக்கப்படுவதை நான் அறிவேன்.

இந்த வாக்கில் பாதிதான் உண்மை. தாதியருக்குத் தட்டுப்பாடு நிலவாத வளர்ந்த நாடு இன்று அரிது. ஆனால் மனைவி என்ற உரித்தில் கிடைக்கும் வீசா வேறு, தாதியாகக் கடமையாற்றுவதற்கான அனுமதி வேறு. முன்னதைக் குடிவரவுத் திணைக்களம் தருகிறது. பின்னதைத் தருவது அந்நாட்டின் தாதியர் பேரவை. ஒரு கதவு திறந்தால் மற்றதும் தானாகவே திறக்கும் என எண்ணிக்கொண்டு விமானம் ஏறியவர்கள் பலர். அவர்களிற் கணிசமானோர் இன்று முதியோர் இல்லங்களில் பராமரிப்பாளராக வேலை செய்கின்றனர். பராமரிப்பு வேலை இழிவானதென்று நான் கூறவில்லை. மூன்று வருடங்கள் தாதியர் கல்லூரியிற் கற்று, அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு பகலாக நின்ற ஒருவருக்கு அது உரிய இடமல்ல என்பதே என் வாதம்.

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். திறன்மிகு தொழிலாளர் வீசாவில் உள்ளவரின் வாழ்க்கைத் துணை, தங்கிவாழ்வோர் வீசாவில் சென்று, விளையாட்டுத் துறை நீங்கலாக ஏறத்தாழ எந்தத் தொழிலையும் செய்யலாம். ஆனால் மாப்பிள்ளை எந்த வீசாவில் இருக்கிறார் என்பதை யாரும் துருவிக் கேட்பதில்லை. 2024 ஜனவரி முதல், பாடநெறி வழியான முதுமாணிப் படிப்புக்குச் செல்பவர் துணையை அழைத்துச் செல்ல முடியாது. ஆராய்ச்சிப் படிப்பு, அரச புலமைப்பரிசில் போன்றவற்றுக்கே விலக்கு உண்டு. 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளராகச் செல்பவருக்கும் அந்த உரிமை இல்லாமற் போனது. 2025 ஜூலையில் பராமரிப்புப் பணியாளரை வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவிக்கும் வழியே அடைக்கப்பட்டுவிட்டது. பிரித்தானியப் பிரஜையை மணப்பவராயின், மாப்பிள்ளையின் வருமானம் ஆண்டுக்கு 29,000 பவுண் இருக்கவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் வந்தது.

இவற்றையெல்லாம் தாண்டிச் சென்றாலும், தாதியாக வேலை செய்ய அங்குள்ள தாதியர், மருத்துவமாதர் பேரவையிற் பதிவு வேண்டும். இரண்டு கட்டத் தேர்வு உண்டு. கணினியில் எழுதும் முதற்கட்டத்தைப் பிரித்தானியாவுக்குப் போகாமலேயே எழுதிவிடலாம். செயன்முறைத் தேர்வை அங்கு சென்றுதான் செய்யவேண்டும். ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், பேச்சு ஆகியவற்றில் 7 புள்ளியும் எழுத்தில் 6.5 புள்ளியும் பெறவேண்டும். தாதியருக்கும் மருத்துவர்களுக்குமென்று அமைந்த ஓ.ஈ.ரி. பரீட்சையும் ஏற்கப்படுகிறது. அனுபவமுள்ள தாதி ஒருவருக்கு அதுவே இலகுவானது என்பது என் அபிப்பிராயம். அதில் வரும் நோயாளியும் நோயும் அவருக்குப் பழக்கமானவை.

இதில் ஒரு நன்மையும் உண்டு. தங்கிவாழ்வோர் வீசாவிலுள்ள தாதியை வேலைக்கு எடுக்கும் வைத்தியசாலை அவருக்கு அனுசரணை வழங்கத் தேவையில்லை. அதற்கான கட்டணமும் கடதாசி வேலையும் மிச்சம். பதிவு மட்டும் கையில் இருந்தால் அவர் நிலை உறுதியானது. அந்தப் பதிவைத்தான் நம்மவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு, பிள்ளை பிறந்த பிறகு, வீடு வாங்கிய பிறகு என்று ஒத்திவைக்கின்றனர்.

கனடாவில் கதை சற்று வேறு. பிரஜையோ நிரந்தர வதிவாளரோ வெளிநாட்டிலிருந்து அனுசரணை செய்து அழைக்கும் மனைவி, நிரந்தர வதிவாளராகவே சென்றிறங்குகிறார். வேலை செய்வதற்குக் குடிவரவுத் தடை எதுவும் இல்லை. தற்காலிக வேலை அல்லது படிப்பு அனுமதியில் உள்ளவரின் துணைக்கு வழங்கப்படும் திறந்த வேலை அனுமதியோ 2025 ஜனவரி 21 முதல் இறுக்கப்பட்டுள்ளது. கணவர் மாணவராயின் 16 மாதங்களுக்குக் குறையாத முதுமாணிப் படிப்பிலோ, கலாநிதிப் படிப்பிலோ, குறிப்பிட்ட சில தொழில்சார் படிப்புகளிலோ இருக்கவேண்டும். தொழிலாளராயின் உயர் திறன் வகைத் தொழிலோ பட்டியலிடப்பட்ட வேறு சில தொழில்களோ ஆக இருப்பதுடன், அவரது அனுமதியில் 16 மாதங்களாவது எஞ்சியிருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்யாமல் வழங்கப்படும் திறந்த அனுமதியில், சுகாதார சேவையில் வேலை செய்யக்கூடாதென்ற நிபந்தனை அச்சிடப்பட்டிருக்கும். ஒரு தாதி முதலில் வாசிக்க வேண்டிய வரி அதுதான். பலர் அதை வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளன்றே வாசிக்கின்றனர்.

கனடாவில் பதிவு மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். ஆனால் பதிவுபெற்ற தாதிக்கான பரீட்சை, அமெரிக்காவில் நடைபெறும் அதே என்க்ளெக்ஸ் பரீட்சைதான். கனடாவின் பெரும்பகுதி 2015 இல் அதற்கு மாறியது. அவுஸ்திரேலியாவும் தன் மதிப்பீட்டின் எழுத்துக் கட்டத்துக்கு இதனையே பயன்படுத்துகிறது. ஆகவே ஒரே பரீட்சை மூன்று நாடுகளுக்கு உதவும். சென்னையில் அதற்கான பரீட்சை நிலையம் உண்டு. கல்யாணச் சேலை எடுக்கச் சென்னை செல்லும் குடும்பங்கள் இதனையும் கருத்திற் கொள்ளலாம்!

அமெரிக்காவில் கணவர் எச்-1பி வீசாவில் இருந்தால், மனைவிக்கு வேலை உரிமை இயல்பாகக் கிடைப்பதில்லை. 2015 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, கணவரின் நிரந்தர வதிவிட மனு குறித்த கட்டத்தை எட்டியிருந்தாலே பொதுவாக அது சாத்தியம். மாணவரின் மனைவிக்கு அறவே இல்லை. நோர்வே, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகியவற்றில் வேலை உரிமையை விட மொழியே பெரும் மலை. பொதுவாக பி-2 எனப்படும் தேர்ச்சியை எட்டாமல் தாதியாக அங்கீகாரம் பெறுவது கடினம். சுவிஸில் அந்த அங்கீகாரத்தை வழங்குவது செஞ்சிலுவைச் சங்கம் என்பது இங்குள்ள பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

நிற்க. காலம் தாழ்த்துவதால் வரும் கேடு என்ன? பேரவைகள் அண்மைக்காலத் தொழில் அனுபவத்தைக் கேட்கின்றன. அவுஸ்திரேலியாவில் கடந்த ஐந்து வருடங்களில் 450 மணித்தியாலங்கள் தாதியாகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்பது விதி. பராமரிப்பாளர் வேலை இந்தக் கணக்கிற் சேராது. கல்யாணத்துக்காக வேலையை விட்டு, வீசாவுக்காக ஒரு வருடம் காத்திருந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று நிமிரும்போது அந்த ஐந்து வருடம் போய்விடும்.

கொழும்பிலிருந்து புறப்படுமுன் செய்யவேண்டியவற்றை இங்கேயே செய்தாக வேண்டும். இலங்கைத் தாதியர் பேரவையிற் பதிவு, அப்பேரவையிலிருந்து வெளிநாட்டுப் பேரவைக்கு நேரடியாகச் செல்லவேண்டிய சரிபார்ப்பு, பயிற்சிக் கல்லூரியின் பாட விபரத் திரட்டு, வைத்தியசாலையின் சேவைச் சான்று ஆகியவற்றை விண்ட்சரிலோ மெல்பேர்ணிலோ இருந்துகொண்டு பெறுவதற்கு எத்தனை தொலைபேசி அழைப்புகள் வேண்டும் என்பதை அனுபவித்தவர்களே அறிவர். தனியார் வைத்தியசாலையிற் பயின்றவர்கள், தமது பயிற்சி பேரவைப் பதிவுக்கு ஏற்புடையதா என்பதை வேறெதற்கும் முன்னர் உறுதிசெய்தல் வேண்டும்.

அரச சேவையில் இருப்போருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஜூனில், அரச ஊழியர் ஐந்து வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல இடமளிக்கும் சுற்றறிக்கை வெளியானது. விடுமுறையோ விடுவிப்போ பெறாமற் போனவர் பதவியை வெறிதாக்கியவராகக் கருதப்படுவார். பின்னர் அதே நிருவாகத்திடம் சேவைச் சான்று கேட்டு எழுதும் கடிதத்துக்கு என்ன கதி நேருமென நான் விளக்கத் தேவையில்லை.

இவ்வளவும் எழுதிய பின்னர், எவரும் கல்யாண வீட்டிற் கேட்க விரும்பாத ஒரு கேள்வியைக் கேட்கிறேன். பெண் தாதி, மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் நிரந்தர நிலை இல்லை, அல்லது இருவருமே இங்கிருந்துதான் புறப்படப் போகின்றனர் என்றால், அவர் ஏன் மனைவியாகப் போகவேண்டும்? பிரித்தானியாவில் தாதியருக்கான சுகாதாரப் பணியாளர் வீசாவில் துணையை அழைத்துச் செல்லும் உரிமை இன்றும் உண்டு. அமெரிக்காவில் தாதியை முதன்மை விண்ணப்பதாரராகக் கொண்ட குடிவரவு மனுவிற் கணவரும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் சேர்ந்தே செல்லலாம், வரிசை நீண்டதாயினும். பல சோடிகளுக்கு வலிமையான விண்ணப்பம் பெண்ணுடையதே. ஆயினும் "பெண்சாதியின் வீசாவில் தொங்கிக்கொண்டு போவதா?" என்ற ஒரு வசனத்தில் அது அடிபட்டுப் போகிறது. காலி வீதியிற் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் முகவர்களும் இதைப் பெரிதாக எடுத்துச் சொல்வதில்லை. மாணவர் அனுமதிக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து தரகுப் பணம் வரும். ஒரு தாதி தானே பரீட்சை எழுதிப் போனால் அவர்களுக்கு எதுவும் வராது.

பொது வரிப்பணத்திற் பயின்ற தாதி ஒருவர் வெளியேறுவது இந்நாட்டு வைத்தியசாலைக்கு நட்டமே. அவர் வெளியேறித் தாதியாகவும் இல்லாமற் போனால், அந்த நட்டத்தால் எந்த நோயாளிக்கும் இலாபமில்லை. ஆகவே கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் பெற்றோரிடம் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன், பிள்ளையின் ஆங்கிலப் பரீட்சைக்கும் பேரவைச் சரிபார்ப்புக்கும் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். அவர் வைத்தியசாலையில் இராஜினாமாக் கடிதம் கொடுப்பது அதற்குப் பிறகு நடக்கட்டும்.