சிசிடிவியில் மணி சரியா? 7 நிமிடப் பிழை ஒரு புகாரையே திசைமாற்றலாம்!

மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை என்றால் சந்தை. வில்லியனூர் பக்கமிருந்தும் வருவார்கள், மாநில எல்லை தாண்டி வளவனூர் பக்கமிருந்தும் வருவார்கள். அங்கே இப்படி ஒன்று நடப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 9.10 மணி. மாடு வாங்கிய ஒருவர், யுபிஐயில் 40,000 ரூபாய் அனுப்பிவிட்டதாக போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டிவிட்டு மாட்டை ஓட்டிச் சென்றுவிடுகிறார். பணம் வரவில்லை என்பது பிறகுதான் தெரிகிறது. புகார் போகிறது. பக்கத்து டீக்கடை சிசிடிவியைப் பார்க்கிறார்கள்.

அந்த கேமரா 7 நிமிடம் முந்தி ஓடுகிறது என்பது யாருக்கும் தெரியாது. உண்மையில் 9.10-க்கு நடந்தது அதில் 9.17 என்று பதிவாகியிருக்கும். 9.10 என்று அது காட்டுவதோ 9.03-க்கு நடந்தது. அந்தக் காட்சியில் நிற்பவர் வேறு யாரோ. தேடுவது ஏமாற்றியவரை, மாட்டுவது டீ குடிக்க வந்தவர்!

இதில் கேமரா பழுதாகவில்லை. அதன் கடிகாரம் மட்டும் தப்பு. அந்தத் தப்பும் பிரச்சினை வரும்வரை யார் கண்ணிலும் படாது.

கடிகாரம் ஏன் தவறுகிறது?

கம்ப்யூட்டர், ரவுட்டர், சிசிடிவி ரெக்கார்டர் என எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அதன் அதிர்வை எண்ணித்தான் கருவி நேரம் கணக்கிடுகிறது. ஆனால் வெப்பநிலை மாறினால் அதிர்வும் லேசாக மாறும். 10 லட்சத்தில் 20 பங்கு பிழை இருந்தாலே ஒரு நாளைக்கு சுமார் 1.7 விநாடி விலகும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம், வருடத்துக்கு 10 நிமிடம்.

உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருந்தால் இன்னும் மோசம். ஒரு பவர் கட் போதும், கடிகாரம் பழைய தேதிக்கே போய்விடும்.

உங்கள் போன் மட்டும் எப்படி சரியாகக் காட்டுகிறது?

ஏனென்றால் அது அடிக்கடி மற்றவர்களிடம் மணி கேட்டுக்கொள்கிறது. இணையத்தில் கருவிகள் மணி கேட்கும் முறைக்கு என்டிபி என்று பெயர். பின்னாளில் அமெரிக்காவின் டெலவர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985-ல் வெளியிட்டது. அவர் 2024 ஜனவரியில் காலமானார். அவர் உருவாக்கிய முறையில்தான் இன்றும் கோடிக்கணக்கான கருவிகள் மணி பார்க்கின்றன.

முறை எளிமையானதுதான். உங்கள் கருவி சர்வரிடம் “மணி என்ன?” என்று கேட்கிறது. பதில் வந்து சேர்வதற்குள் கொஞ்ச நேரம் கடந்துவிடும் இல்லையா? அதனால் கேள்வி கிளம்பிய நேரம், சர்வரை அடைந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், திரும்பி வந்த நேரம் என நான்கையும் குறித்துக்கொள்கிறது. போக, வர 40 மில்லிவிநாடி ஆனால், ஒரு வழிக்கு 20 என்று கணக்கிட்டு அந்தத் தாமதத்தைச் சரிசெய்துவிடும். சர்வர்களுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. உச்சியில் அணுக்கடிகாரம், அதிலிருந்து நேரம் வாங்கும் சர்வர், அதனிடம் கேட்கும் அடுத்த சர்வர் என்று படிப்படியாக நேரம் கீழே இறங்கிவரும்.

மணி தவறினால் என்னென்ன சிக்கல்?

ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண் முழுக்க முழுக்க நேரத்தை வைத்தே உருவாகிறது. போன் கடிகாரம் சில நிமிடம் விலகினால், சரியான எண்ணைப் போட்டாலும் உள்ளே விடாது. தேதி தப்பாக இருந்தால், நல்ல இணையதளத்தைக்கூட “பாதுகாப்பற்றது” என்று பிரவுசர் தடுத்துவிடும்.

5ஜி டவர்களுக்கு இது இன்னும் கறாரான விஷயம். இப்போது அதிகம் பயன்படும் முறையில் ஒரே அலைவரிசையில்தான் டவர் பேசவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். பேசும் முறை, கேட்கும் முறை மாறி மாறி வரும். ஒரு டவரின் கடிகாரம் பிசகினால், பக்கத்து டவர் கேட்கும் நேரத்தில் இது பேசத் தொடங்கி எல்லாம் இரைச்சலாகிவிடும். அனுமதிக்கப்படும் விலகல் 1.5 மைக்ரோவிநாடி, அதாவது ஒரு விநாடியை 10 லட்சமாகப் பிரித்தால் அதில் ஒன்றரைப் பங்கு. இதற்கு என்டிபி போதாது. செயற்கைக்கோளிலிருந்தோ, இதைவிட நுட்பமான வேறு முறையிலோ நேரம் வாங்குகிறார்கள்.

இந்திய நேரம் யார் கையில்?

இந்தக் கவலை நமக்குப் புதிதல்ல. சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல் கணித்த ‘மெட்ராஸ் நேரம்’, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்றிருந்த காலத்தில் ரயில்வே மெட்ராஸ் நேரத்தையே எடுத்துக்கொண்டது. ஸ்டேஷன்களுக்குத் தந்தி வழியாக நேரம் போனது. அன்றைய நெட்வொர்க் அதுதான்! 1906 ஜனவரி 1 முதல் நாட்டுக்கென ஒரு பொது நேரம் அறிமுகமானது.

இன்று இந்திய நேரத்தைப் பராமரிப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். நிறுவனங்களின் கணினிகள் எல்லாம் இந்த ஆய்வகத்தின் சர்வரோடோ, தேசிய தகவல் மையத்தின் சர்வரோடோ, அவற்றிலிருந்து நேரம் பெறும் சர்வரோடோ இணைய வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் உத்தரவிட்டது. 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். இரண்டும் சேர்ந்து வருவது தற்செயல் இல்லை. மணி தப்பான லாக்கை எத்தனை நாள் வைத்திருந்து என்ன பயன்?

2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, சட்டம், வணிகம், நிர்வாகம் என எல்லாவற்றுக்கும் இந்திய நேரத்தையே கட்டாயமாக்கும் வரைவு விதிகளை வெளியிட்டது. நேரத்தைப் பரப்ப அகமதாபாத், பெங்களூரு, புவனேஸ்வர், ஃபரிதாபாத், குவாஹாட்டி ஆகிய 5 ஊர்களில் ஆய்வகங்கள் என்பதும் திட்டத்தில் உண்டு.

டீக்கடைக்கு வந்து சேருமா?

நல்ல முயற்சி. ஆனால் வங்கியும் டெலிகாமும் ஏற்கெனவே மணியைக் கவனமாகத்தான் பார்க்கின்றன. சங்கிலியின் பலவீனமான கண்ணி கீழேதான் இருக்கிறது: கடை கேமரா, கல்லூரி ரவுட்டர், சின்ன ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர். அதிலும் மதகடிப்பட்டு மாதிரி இடத்தில், விழுப்புரம் சாலையில் கொஞ்ச தூரம் போனாலே புதுச்சேரி, தமிழ்நாடு என எல்லை மாறிவிடும். ஒரே சம்பவத்தின் பதிவுகள் இரண்டு மாநில போலீஸ் கைக்கும் போகலாம். அவற்றை ஒன்றாகக் கோக்கும் ஒரே நூல் நேரம்தான்.

எனவே இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும். ஒன்று, கேமரா மாட்டும்போதே நேரத்தைச் சரியான சர்வரோடு இணைத்துக் கொடுப்பது நிறுவுபவரின் பொறுப்பாக வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்துகள் தங்கள் அலுவலகக் கேமராக்களிலிருந்தே தொடங்கலாம். இரண்டு, போலீஸ் காட்சிப் பதிவை எடுக்கும்போது, ரெக்கார்டர் காட்டும் நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிவைப்பது எல்லா இடத்திலும் கட்டாயமாக வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒருவர் மீது வீண்பழி விழாமல் அது காப்பாற்றலாம்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியவை

• போனில் ‘தானியங்கி தேதி, நேரம்’ ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள்.

• வீடு, கடை சிசிடிவி மெனுவில் என்டிபியை ஆன் செய்யுங்கள். டைம் ஸோன் +5:30 என்று இருக்க வேண்டும்.

• கேமராவுக்கு இணைய இணைப்பு இல்லையா? வாரம் ஒருமுறை போனைப் பக்கத்தில் வைத்து மணியை ஒப்பிட்டுத் திருத்துங்கள். பவர் கட்டுக்குப் பிறகு கட்டாயம் பாருங்கள்.

• ஆன்லைனில் பணம் மோசடி போனால் உடனே 1930-ஐ அழையுங்கள். சிசிடிவி காட்சியைக் கொடுக்க நேர்ந்தால், கேமரா எவ்வளவு முந்தியோ பிந்தியோ ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.