மாதத்தைப் பார்ப்பதா, மண்ணைப் பார்ப்பதா?

மான்களின் இணைசேர் பருவம் எது என்று கேட்டால் பாடநூல்கள் ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லும். அந்த விடை ஊருக்கு ஊர் மாறும் என்பதைப் பட்டறிவால் நன்கு உணர்ந்தவர்கள் வட அமெரிக்காவின் வில் வேட்டைக்காரர்கள். துப்பாக்கி ஏந்தியவர் தொலைவிலிருந்தே சுட்டுவிடலாம். வில் ஏந்தியவருக்கோ மான் இருபது, முப்பது மீட்டருக்குள் வந்தாக வேண்டும். எந்த வாரத்தில் எந்த மரத்தின்மேல் காத்திருப்பது என்பதை அறிவதே அவருடைய திறமையின் பெரும்பகுதி.

மிச்சிகனில் பழகியவர் வெள்ளைவால் மானின் இணைசேர்க்கை நவம்பர் நடுவில் உச்சம் பெறும் என்று அறிந்திருப்பார். அதே நாட்காட்டியோடு அலபாமாவுக்குச் சென்றால் மாநிலத்தின் பெரும்பகுதியில் அவர் வெறுங்கையோடு திரும்ப நேரும். அங்கே உச்சம் ஜனவரியில். புளோரிடாவில் ஒரே மாநிலத்துக்குள்ளேயே தெற்கில் கோடையிலும் வடமேற்கில் பிப்ரவரியை ஒட்டியும் பருவம் அமைகிறது.

இதன் காரணம் எளிது. வடக்கே பகற்பொழுது சுருங்குவதே உடலுக்குக் கிடைக்கும் அறிவிப்பு. கருக்காலம் ஏறத்தாழ 200 நாள். நவம்பர் நடுவில் கருவுற்ற பிணை ஜூன் தொடக்கத்தில், தழை மிகுந்த வேளையில் ஈனும். முந்தினாலும் பிந்தினாலும் குட்டிக்குக் கேடு. ஆகவே அங்கே பருவம் இறுக்கமானது. குளிர் கடுமையற்ற தெற்கில் அந்த இறுக்கம் தளர்கிறது. போதாக்குறைக்கு, இருபதாம் நூற்றாண்டில் அழிந்த மந்தைகளை மீட்க வெளியிலிருந்து மான்கள் கொண்டுவந்து விடப்பட்டன. அலபாமாவில் மிச்சிகன் மான்களின் வழிவந்தவை வாழும் பகுதியில் பருவம் அக்கம்பக்கத்தைவிட முந்தி வருகிறது. குளிரலை வந்தால் பருவம் முந்தும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், கருவின் அளவைக் கொண்டு பின்னோக்கிக் கணித்த நாள்கள் ஓரிடத்தில் ஆண்டுதோறும் பெரிதும் மாறுவதில்லை. குளிர் செய்வது மான்களைப் பகலில் கூடுதலாக நடமாடவைப்பது மட்டுமே.

எனவே புதிய நிலத்துக்கு வந்த தேர்ந்த வேட்டைக்காரர் மாதத்தைப் பார்ப்பதில்லை. தடங்களின் வரிசையைப் பார்க்கிறார். கொம்பின் மென்தோல் உரிந்ததும் கலைகள் இளமரங்களில் கொம்பை உரசிப் பட்டையை உரிக்கும். பின்னர், தாழ்ந்த கிளையொன்றின் கீழ் குளம்பால் மண்ணைப் பறித்து, அதில் சிறுநீர் கழித்து, கிளையில் முகச்சுரப்பிகளின் மணத்தைப் பூசும். இந்தப் பறிப்புகள் உச்சத்துக்குச் சற்று முன்பு பெருகி, கலைகள் பிணைகளைப் பின்தொடரத் தொடங்கியதும் கவனிப்பாரற்றுப் போகும். ஆகவே புதிதாகப் பறித்த மண் ‘இனி வரும்’ என்கிறது. கைவிடப்பட்ட மண் ‘வந்துவிட்டது’ என்கிறது. முந்தைய ஆண்டின் குட்டிகளும் சான்று தரும். ஜூன் தொடக்கத்தில் பிறந்தவை நவம்பர் நடுவையும், ஆகஸ்ட் தொடக்கத்தில் பிறந்தவை ஜனவரி நடுவையும் சுட்டும்.

இதில் இந்திய ஆய்வாளருக்கு என்ன பாடம்? விடை டெக்சாஸில் இருக்கிறது. இந்தியப் புள்ளிமான் அங்கே 1932இல் கொண்டுசெல்லப்பட்டது. இன்று ஒரே மேய்ச்சல் நிலத்தில், ஒரே பகலொளியின் கீழ் வெள்ளைவால் மானும் புள்ளிமானும் மேய்கின்றன. முன்னது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் இணைசேர்கிறது. பின்னதன் உச்சம் கோடையில். ஆண்டின் எம்மாதத்திலும் முதிர்ந்த கொம்புள்ள புள்ளிமான் கலை சில கண்ணில் படும். நிலம் மட்டும் நாட்காட்டியை எழுதுவதில்லை. உயிரினத்தின் வழிமரபும் சேர்ந்தே எழுதுகிறது.

இந்தியாவிலோ பன்மை இன்னும் மிகுதி. காஷ்மீரின் ஹங்குல் இலையுதிர் காலத்தில் முழங்குகிறது. மத்திய இந்தியக் கடமானுக்குக் குளிர்காலம். அதே காடுகளின் புள்ளிமானுக்குக் கோடை. கான்ஹாவின் பாரசிங்காவுக்கு உச்சம் டிசம்பர், ஜனவரி வாக்கில். ‘மான்களின் பருவம்’ என்று ஒருமையில் பேசுவதே இங்கே பிழை.

இது சொல்லாராய்ச்சி அன்று. 1970இல் 66ஆகச் சுருங்கிய கடினத்தரைப் பாரசிங்கா, ஒரே காட்டை நம்பியிருக்கும் ஆபத்தைக் குறைக்க, 2015 முதல் சாத்புராவுக்கும் 2023இல் பாந்தவ்கருக்கும் கொண்டுசெல்லப்பட்டது. கான்ஹாவும் சாத்புராவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளன. பகலொளி வேறுபாடு இல்லை எனலாம். எனவே பருவமும் ஒன்றே என எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் எதிர்பார்ப்பு பதிவாகிவிடாது. புல்வெளியின் தரம், நீர், மந்தையில் முதிர்ந்த கலைகளின் விகிதம் ஆகியவை ஈற்றுக் காலத்தைச் சிதறடிக்கக்கூடும். சிறிய மந்தையில் அந்தச் சிதறலே முதல் அபாய அறிவிப்பாக அமையலாம்.

மேலும், இக்காடுகளின் மையப்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காக மூடப்படுகிறது. பாரசிங்கா முழங்கும் குளிர்காலமோ சுற்றுலா வண்டிகள் நிறையும் காலம். ஓய்வுக்காலத்தைச் சாலையின் சேறு தீர்மானிக்கிறது. விலங்கின் பருவம் தீர்மானிக்கவில்லை. இணைசேரும் புல்வெளிகளுக்கு மட்டுமாவது, அந்தச் சில வாரங்களில் தனி அமைதி தேவை. எந்த வாரங்கள் என்பதைச் சொல்லத் தடங்களின் வாராந்தரப் பதிவு வேண்டும்: முழக்கங்களின் எண்ணிக்கை, சேற்றில் புரண்ட தடயம், கொம்பில் சுற்றிய புல், முதல் குட்டி தென்பட்ட நாள். பயிற்சி பெற்ற வனக்காவலர் ஒருவரும் ஒரு குறிப்பேடும் போதும்.

வேட்டைக்காரரின் அறிவுக்கும் குறைகள் உண்டு. அவர் கண் பெரிய கொம்பையே தேடும். அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு வெளியே காட்டில் இருக்கமாட்டார். மண்ணைப் பறிக்கும் கலைகளோ பெரும்பாலும் இரவில் வரும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டைக்கு இட்ட தடை நிலைக்க வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் வில்லை விலக்கிவிட்டு, அந்தப் பார்வையை எடுத்துக்கொள்ள எந்தச் சட்டமும் தடையில்லை. புதிய காட்டுக்கு வந்த விலங்குக்குப் பழைய காட்டின் அட்டவணையை மாட்டும் முன், அது தன் காலடி மண்ணில் எழுதுவதைப் படிக்க வேண்டும்.