வித்வான் பக்கத்தில் மாணவனுக்கு இடம் வேண்டும்

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளித் தோழர் வீட்டுக் கல்யாணம். பந்தலில் மேளம் வாசித்தவர் எழுபது வயதைத் தொட்ட நாயனக்காரர். அவர் பக்கத்தில் இரண்டாம் நாயனமாக உட்கார்ந்திருந்தவன் இருபது வயதுப் பையன். இசைக் கல்லூரி மாணவன்.

பெரியவர் ஒரு ராகத்தை எடுத்துச் சற்று வாசித்து, நாயனத்தை இறக்கிவிட்டுப் பையனைப் பார்த்தார். பையன் வாசித்தான், பிசகில்லை. பாடத்தைப் பழுதில்லாமல் படித்திருக்கிறான் என்று எனக்குக்கூடப் புரிந்தது. திடீரென்று "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் எழுந்தது. பெரியவர் மறுகணமே நாயனத்தை எடுத்து முழங்கினார். தவில் இடித்தது. பையனோ பாதி ராகத்தில் திகைத்து நின்றான். பெரியவர் அவனை முழங்காலால் ஓர் இடி இடித்தார். அவனும் பிடித்துக்கொண்டான்.

சாப்பாட்டுப் பந்தியில் பையன் என்னிடம் சொன்னான்: "மூணு வருஷமாப் படிக்கிறேன் ஐயா. கெட்டிமேளம் எந்த நேரத்திலே வந்து விழும்னு வகுப்பிலே யாரும் சொல்லித் தர முடியாதே."

உண்மைதான். இந்த ஒரு வார்த்தையில் ஒரு பெரிய பிரச்னை அடங்கியிருக்கிறது.

பழைய குருகுலத்தில் இந்தக் கல்வி தானாகவே நடந்தது. பையன் முதலில் ஒத்து ஊதுவான். பிறகு தாளம் போடுவான். பல வருஷம் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தபின் இரண்டாம் நாயனம் பிடிப்பான். காருகுறிச்சி அருணாசலம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தே வளர்ந்தார். சாமி புறப்பாட்டில் மல்லாரியை எங்கே நிறுத்துவது, வீதி முனையில் கூட்டம் நின்றால் ராகத்தை எவ்வளவு நீட்டுவது, மழை தூறினால் எப்படிச் சுருக்குவது என்பதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது?

அதற்காகக் குருகுலம் பொற்காலம் என்று கொண்டாடலாமா? கூடாது. அந்த வாசலில் பிறப்பு என்னும் பூட்டு தொங்கியது. குருவின் வீட்டு வேலை செய்தே பாதி வாலிபம் கழிந்தவர்கள் ஏராளம். பெண்ணுக்கு அந்த நாயனம் எட்டாக் கனி, மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயைப் போல் மீறி வந்தவர்கள் அபூர்வம். ஆந்திராவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானாவுக்கு நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்கள் தஞ்சாவூர் பாணியைத் தாராளமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் 1998இல் சங்கீத கலாநிதியும் ஆனார். ஆனால் நல்ல குரு வாய்ப்பது அதிர்ஷ்டம். ஏழை வீட்டுப் பிள்ளையின் கல்வியை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைக்க முடியுமா?

அந்தப் பூட்டை உடைத்தது கல்லூரி. 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தோன்றியது. 1949இல் சென்னையில் சர்க்கார் கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வரானார். பெரிய வித்வான்கள் வகுப்பறைக்கு வந்தார்கள். விண்ணப்பம் போட்டு, தேறி, உள்ளே நுழையலாம் என்ற நிலை பிறந்தது. இது சாதாரண வெற்றி அல்ல. இதை விட்டுக்கொடுக்கவும் முடியாது.

ஆனால் வாசல் திறந்தபோது ஒன்று நழுவிவிட்டது. அதுதான் வித்வானுக்குப் பக்கத்து இடம். வகுப்பில் வித்வான் எதிரே உட்காருகிறார்; மேடையில் வேறு யாரோடோ உட்காருகிறார். மாணவனுக்குப் பட்டம் கிடைக்கிறது, பழக்கம் கிடைப்பதில்லை. அப்பன் பாட்டன் மேடை ஏறிய வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் குறை தெரியாது. வீட்டிலேயே அதற்கு ஆள் இருக்கிறது. முதல் தலைமுறையாக நாயனமோ தவிலோ தூக்கிய கூலிக்காரன் மகனுக்கும் மகளுக்கும் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்குக் கல்லூரிதான் கதி.

ஆகவே கல்லூரியே இதைச் செய்ய வேண்டும். தொழிலில் இருக்கும் வித்வான்களைப் பருவத்துக்குப் பருவம் அழைத்து, மாணவர்களை அவர்களோடு சேர்த்து வெளியே அனுப்ப வேண்டும். சபா மேடை மட்டுமல்ல. கோயில் திருவிழா, கிராமத்துத் திடல், கல்யாணப் பந்தல் எல்லாம் பள்ளிக்கூடமே. சர்க்கார் விழாவுக்கு மங்கள இசை வைக்கிறார்களே, அந்த மேளத்தில் இரண்டு மாணவர்களையும் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் முதலிடம் தந்து, நாகசுரத்தையும் தவிலையும் வாசலோடு நிறுத்தும் வழக்கம் இதிலும் நுழைந்துவிடக் கூடாது.

"பழகாத பிள்ளைகளை மேடையேற்றினால் கச்சேரி கெட்டுப்போகும்" என்று சிலர் சொல்கிறார்கள். அன்று பந்தலில் பையன் தடுமாறினான், கல்யாணம் நின்றுவிட்டதா? நடவு நட்டு வெடித்த கையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவன் சுதாரித்ததைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்கள். பாமர ஜனங்களின் காது தாராளமானது. பக்கத்தில் பெரியவர் இருக்கும்வரை பிசகு பெரிதாவதில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "மேடை கொடுக்கிறேன், காசு கேட்காதே" என்ற சூழ்ச்சி இதில் புகுந்துவிடலாம். பயிற்சி என்ற பெயரில் இரண்டாம் நாயனத்தை ஓசியில் பிடித்துக்கொண்டால், அது மாணவன் வயிற்றில் அடிப்பது மட்டுமல்ல. ஏற்கெனவே இரண்டாம் நாயனம் வாசித்துப் பிழைக்கும் கலைஞன் வாயிலும் மண் விழும். சொல்லிக் கொடுக்கும் வித்வானுக்குச் சம்பளம், கூட வாசிக்கும் மாணவனுக்கும் நியாயமான பங்கு, எவர் பிழைப்பையும் பறிக்காத ஏற்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இது கல்வி. இல்லாவிட்டால் கலையின் பெயரால் இன்னொரு வெட்டி வேலை.

அன்று கல்யாணம் முடிந்ததும் அந்தப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, வந்த பணத்தை எல்லோர் முன்னிலையிலும் எண்ணினார். பையன் பங்கை முதலில் எடுத்து நீட்டினார். அவன் கூச்சப்பட்டுக் கையைப் பின்னால் இழுத்தான்.

"வாங்கிக்கோடா. வாசிச்சவனுக்குக் கூலி உண்டு" என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாத அந்த வித்வான் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு பாடம் நடத்திவிட்டார். இரண்டையும் நம் கல்லூரிகள் கற்றுக்கொள்ளட்டும்.