விகிதமே மருந்து

அண்மையில் மருந்துக்கடையொன்றில் என் முன்னால் நின்ற இளந்தாய், வயிற்றுப்போக்கால் துவண்டிருந்த தம் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கேட்டார். கடைக்காரர் எடுத்துத் தந்ததோ ஆப்பிள் சுவையூட்டிய இனிப்புப் பானம். அட்டையில் ‘எலக்ட்ரோலைட்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அந்தச் சொல்லை நம்பி அவர் வாங்கிச் சென்றார். மின்பகுளிகள் குறித்து மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் நான் வாய் திறவாது நின்றேன். அந்த மௌனத்தின் உறுத்தலே இப்பதிவு.

நரம்புத் துடிப்பும் தசைச் சுருக்கமும் இதயத்தின் சீரான இயக்கமும் சோடியம், பொட்டாசியம், கால்சியம் முதலிய அயனிகளின் சமநிலையைச் சார்ந்தவை. இதனை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஆனால் உடலைக் காப்பது மின்பகுளிகளின் வெறும் இருப்பன்று, அவற்றின் விகிதம் என்பதை நாம் அழுத்திச் சொல்வதில்லை.

சிறுகுடற் சுவரிலுள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே கடத்துகிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. எனவேதான் 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோசும் 75 மில்லிமோல். எடைக்கணக்கில் அந்தக் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. சர்க்கரை இதைவிடப் பலமடங்கு மிகுந்தால், குடல் உடலிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு மேலும் கடுமையாகும்.

இந்த எளிய கரைசலின் ஆற்றலை உலகுக்கு மெய்ப்பித்தவர்களுள் ஒருவர் இந்தியர். 1971இல், வங்காள எல்லையிலுள்ள பன்காவ் நகரில், போருக்கு அஞ்சி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. நரம்புவழிச் செலுத்தும் உப்புநீர் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் அளந்து கலந்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார். புகட்டியவர்களுள் பெரும்பாலோர் நோயாளிகளின் உறவினர்களே. சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது.

அத்தகைய நாட்டில், அப்பெயரையே இனிப்பு நீருக்குச் சூட்டி நெடுங்காலம் விற்க முடிந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் அதற்குத் தடை விதித்தது. வரவேற்கத்தக்க முடிவு. ஆயினும் தடை ஒரு பெயரைத்தான் நீக்கும். ‘எலக்ட்ரோலைட்’ என்ற சொல்லின் மயக்கத்தை நீக்காது. அது நம் பணி.

ஆய்வேடுகளில் நாம் எழுதுவதைத் தெருவில் நிற்கும் தாய்க்கு அவர் மொழியில் சொல்லத் தெரியாவிடில், அவ்விடத்தை விளம்பரம் நிரப்பும். சொல்ல வேண்டியது மிகக் குறைவு: உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று அச்சிட்ட பொட்டலத்தைக் கேட்டு வாங்குங்கள், முழுப் பொட்டலத்தையும், அதில் குறித்துள்ள அளவு நீரில், ஒரே தடவையில் கரையுங்கள், குழந்தை சோர்ந்து கிடந்தால் மருத்துவரிடம் விரையுங்கள்.

அடுத்த முறை மருந்துக்கடையில் நான் வாய் திறப்பேன். நீங்களும் திறவுங்கள்.