புலியை எண்ணுகிறவன் யார்?

இந்தியக் காடுகளில் சராசரியாக 3,682 புலிகள் இருப்பதாக 2022-ம் ஆண்டுக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 306. சர்க்கார் மார்தட்டிக் கொண்டது. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கணக்கை எடுத்தவர் யார்?

நாடெங்கும் 32,588 இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டன. கால்நடையாகவே 6,41,449 கிலோமீட்டர் சுற்றினார்கள். காமிரா தானாக மரத்தில் ஏறி உட்காரவில்லை. யானைத் தடத்தில், அட்டைக் கடிக்கு நடுவே நடந்துபோய்க் கட்டியவர்களில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் உண்டு. படங்களில் ஒவ்வொரு புலியின் வரிகளையும் ஒப்பிட்டு, இது வேறு, அது வேறு என்று பிரிப்பவர் உயிரியல் படித்த பட்டதாரி. காவலரில் பலர் தற்காலிகக் கூலிகள். உயிரியலாளரில் பலர் ஒப்பந்த ஊழியர்கள்.

இது அவர்களுடைய வயிற்றுப்பாடு மட்டுமல்ல. ராஜஸ்தானத்துச் சரிஸ்கா காப்பகத்தில் புலிகள் இருப்பதாகக் கணக்கு எழுதி வந்தார்கள். 2005-ல் பார்த்தால் ஒன்றுகூட இல்லை! கள்ள வேட்டைக்காரர்கள் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். புலி ஏட்டில் இருந்தது, காட்டில் இல்லை.

"ஐயா, புலி குறைந்துவிட்டது" என்று மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்ல ஆள் வேண்டும். அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பது அந்த அதிகாரியின் பேனாவில் இருந்தால் யார் வாய் திறப்பார்? மில்லில் பதிலியாக நின்ற தொழிலாளிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நாம் கோருகிறோம்: காவலரையும் உயிரியலாளரையும் நிரந்தரமாக்கு! அடிபட்டால் சிகிச்சை, இறந்தால் குடும்பத்துக்கு நஷ்டஈடு என்பதைச் சட்டப்படி உறுதி செய்! பயமின்றி உண்மை சொல்லும் தொழிலாளி இருந்தால்தான் புலியும் பிழைக்கும்.