முடிவு தெரிந்த கதை

“படிச்ச கதைதானே, மறுபடியும் என்ன?” ஆரணியில் பட்டு நெய்யும் எங்கள் வீட்டில் அம்மா என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி இது. என் கையிலிருந்தது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. அட்டை பிரிந்துபோன அந்நூலை மீந்த பட்டிழையால் தைத்து வைத்திருந்தேன்.

அம்மாவின் கவலையில் நியாயம் இருந்தது, பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில்தான் நெய்வதற்குப் பாவு கிடைக்காமல் எங்கள் தறி இரண்டு மாதம் நின்றது. அடுத்த வாரம் வீடு எப்படி நடக்கும் என்பதே தெரியாதபோது, அடுத்த பக்கத்தில் என்ன நேருமோ என்று அஞ்சவைக்கும் புதிய கதையை என்னால் தொட முடியவில்லை. இந்தக் கதையிலோ நிலா எங்கே கலங்குவாள், ஜீனோ என்னும் இயந்திர நாய் எப்போது குறும்பாகப் பேசும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இதனைத் தப்பித்தல் என்பர் சிலர். நான் அதை ஏற்கமாட்டேன். அக்கதை இனிமையான உலகைக் காட்டுவதன்று. அங்கே குடிமக்களின் பெயர் இரண்டெழுத்தைத் தாண்டலாகாது. குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும். அத்தகைய உலகிலும் எனக்கு ஆறுதல் கிடைத்தது. அதன் துன்பம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதை நான் அறிந்திருந்தேன்.

உண்மையில், அம்மாவும் இதனை அறிந்தவரே. எங்கள் பகுதித் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடைபெறும்போது இரவெல்லாம் தெருக்கூத்து நிகழும். கர்ணன் மாள்வான் என்பதை அறியாதவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இலர். ஆயினும் விடியும்வரை அமர்ந்து கண்ணீர் விடுவர். கர்ண மோட்சத்தை அம்மா எத்தனை முறை பார்த்திருப்பாரோ! ‘பார்த்த கூத்துதானே’ என்று அவரை எவரும் கேட்டதில்லை.

தவிரவும், மறுபடி படிக்கும் நூல் பழைய நூலாகவே இருப்பதில்லை. 1980களில் ஆனந்த விகடனில் இக்கதை தொடராக வந்தபோது, அதில் வரும் 2021 தொலைவான எதிர்காலம். இன்றோ அது கடந்துபோன ஆண்டு. பள்ளி நாளில் நான் ஜீனோவை மட்டுமே கண்டேன். அண்மையில் படித்தபோது, எதையும் கேள்வி கேட்காமல் பணியும் மக்களே கண்ணில் பட்டனர்.

ஒரே நூலுக்குள் ஒடுங்கிவிடக்கூடும் என்னும் எச்சரிக்கையைப் புறந்தள்ள இயலாது. தறி மீண்டும் ஓடத் தொடங்கியபின் நானும் புதிய நூல்களை நாடினேன். ஆயினும், படித்த கதையையே படித்துக்கொண்டிருப்பவரைக் கண்டால் இன்றும் காரணம் கேட்பதில்லை. வீட்டில் எல்லாரும் நலமா என்றுதான் கேட்கிறேன்.