லைனைப் பார்த்து வேகம் வைத்த மோடம்



மஞ்சள், வாழை, மாடு என்று எழுதிக்கொண்டிருப்பவன் திடீர்னு மோடத்தைப் பத்தி எழுதறானேன்னு நினைக்காதீங்க. இதுவும் கிராமத்துச் சமாசாரம்தான். போன் லைனில் இன்டர்நெட் பார்த்த காலத்தில் அந்தச் சின்னப் பெட்டி எப்படி முன்னேறியது என்று தெரிந்தால், இன்றைக்கு எங்க தோட்டத்தில் ஒரு பக்கம் ஏன் திறக்க மாட்டேங்குதுன்னு புரியும். இதைப் படிக்கிற உங்களில் நிறையப் பேர் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்கள். அதனால உங்ககிட்டதான் சொல்லணும்.

போன் கம்பி பேச்சுக்காகப் போட்டது. மனுசக் குரலுக்குத் தேவையான 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அதில் வழி உண்டு. கம்ப்யூட்டரின் ஒன்று, பூஜ்யத்தைச் சத்தமாக மாற்றி அந்த வழியில் அனுப்புவதும், வருகிற சத்தத்தைத் திரும்ப ஒன்று, பூஜ்யமாக மாற்றுவதும்தான் மோடத்தின் வேலை. 1960-களில் அமெரிக்காவில் வந்த பெல் 103 மோடத்தின் வேகம் நொடிக்கு 300 பிட். இன்றைக்கு நாம் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிற மாதிரி ஒரு எம்பி போட்டோவை அதில் அனுப்பினால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1998-ல் வீட்டுக்கு வந்த மோடத்தின் வேகம் 56,000 பிட். அதே போட்டோவுக்கு இரண்டரை நிமிசம். 180 மடங்குக்கும் மேல் வேகம் கூடியிருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வருகிற கம்பி அதே ரெண்டு செம்புக் கம்பிதான்!

வாய்க்காலை வெட்டி அகலப்படுத்தாமலே கடைமடைக்கு இவ்வளவு தண்ணி எப்படி வந்ததுன்னு கேட்கறீங்களா? எல்லாம் இரண்டு முனையிலும் செய்த வேலை. 1984-ல் வகுத்த வி.32 என்ற தரத்தில், ஒவ்வொரு சத்தத் துணுக்கிலும் நான்கு பிட் ஏற்றினார்கள். நொடிக்கு 2400 துணுக்கு, ஆக 9600 பிட். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே கம்பியில் பேசவும் வழி செய்தார்கள். கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்துக் கத்தினா நம்ம குரலே திரும்பி வருமில்ல? அது மாதிரி தான் அனுப்பியதன் எதிரொலியை மோடமே கழித்துவிட்டு, எதிர்ப்பக்கம் சொன்னதை மட்டும் பிரித்தெடுக்கும். 1991-ல் அது 14,400 ஆச்சு.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1994-ல் வந்த வி.34. வேகம் 28,800, பிறகு 33,600. டயல் செய்ததும் கீச்சு, கொர்ரென்று ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கா? அது வெறும் சத்தமில்லை. இரண்டு மோடமும் சேர்ந்து லைனைச் சோதிக்கிற சத்தம். எந்த அலைவரிசை தெளிவாகப் போகிறது, எங்கே இரைச்சல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இந்த லைன் தாங்குகிற வேகம் இவ்வளவு என்று பேசி முடிவு செய்யும். நாம மண்ணைப் பரிசோதனைக்குக் குடுத்துட்டு அதுக்குத் தகுந்த உரம் போடற மாதிரி. நடுவில் லைன் கெட்டால் மறுபடி சோதித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் பழைய மோடமாக இருந்தால் அதன் வேகத்துக்கு இறங்கிப் பேசும்.

56,000 வந்த கதையில் கிராமத்துக்கும் பங்கு உண்டு. எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டலாக மாறிவிட்டதால், எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை உள்ள கம்பி மட்டும்தான் பழைய மாதிரி. இன்டர்நெட் கொடுக்கிற பக்கம் நேராக டிஜிட்டலில் இணைத்தால், நம்ம பக்கம் வருகிற வேகத்தைக் கூட்டலாம் என்று கண்டுபிடித்தார்கள். முதலில் எக்ஸ்2, கே56பிளெக்ஸ் என்று இரண்டு கட்சி. ஒன்றோடு ஒன்று அந்த வேகத்தில் பேசாது. 1998-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வி.90 என்று பொதுத் தரம் வகுத்தபிறகுதான் சண்டை ஓய்ந்தது. நம்ம நாட்டில் சி-டாட் நிறுவனம் உருவாக்கிய, ஏசி தேவைப்படாத சின்ன டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் ஊர் ஊராக வந்திருந்தன. கிராமத்துக்கு லைன் கொண்டுவந்ததில் அதற்குப் பெரும்பங்கு.

எங்க வீட்டு மோடம் பெட்டி மேல 56 கே-ன்னு போட்டிருக்கும். நல்ல வெயில் நாளில் 40,000-ல் இணையும். மழையில் கம்பி ஜாயின்ட்டில் தண்ணி இறங்கினால் 24,000. ஆனா மெதுவா வந்தாலும் மெயில் வந்து சேரும்ங்க.

நெட் போட்டால் போன் எங்கேஜ்டு ஆகிவிடும் என்பது அப்போது பெரிய தொல்லை. மேலூர்ப் பக்கக் கிராமங்களில் ஐஐடி மெட்ராஸ் குழுவின் கார்டெக்ட் வயர்லெஸ் வந்தபோது, போன் பேசிக்கொண்டே 35,000 பிட், பேசாதபோது 70,000 பிட் என்று கொடுத்தார்கள். மோடத்திலும் 2000-ல் வி.92 வந்தது. நெட்டை நிறுத்தி வைத்துவிட்டு, வருகிற போனை எடுக்கலாம். ஆனால் கொஞ்ச வருசத்திலேயே நகரத்தில் பிராட்பேண்ட் பரவிவிட்டது. அதுவும் செம்புக் கம்பிதான், ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் உருப்படியாக வரும். தோட்டத்தில் குடியிருக்கிறவன் டயல்-அப்பிலேயே நின்றான். இணையப் பக்கங்களோ நகரத்து வேகத்துக்குப் பருக்க ஆரம்பித்தன.

என் ஆதங்கம் இதுதான். லைனைப் பார்த்து வேகம் வைக்கிற அந்தப் பழக்கம், வேகம் வந்ததும் போய்விட்டது.

இன்றைக்குக் கடைசித் தேதிக்குள் விவசாயி ஒரு தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் பெயர் தெரியாத ஒரு தளம், பேரே வேண்டாம். திறந்ததும் மேலே ஓடுகிற பெரிய படம், அப்புறம் வீடியோ, அதற்குக் கீழேதான் படிவம். மூன்று எம்பி பக்கம். தென்னந்தோப்புக்குள் ஒத்தைக் கோடு சிக்னலில் அது சுத்திக்கிட்டே இருக்கும். ஓடிபி வந்து, அதைப் போடுகிற கட்டம் திறப்பதற்குள் ஓடிபி காலாவதி. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் அந்த ஆள் பஸ் ஏறி டவுனுக்குப் போய், கம்ப்யூட்டர் சென்டரில் காசு கொடுத்துப் பதிந்துவிட்டு வருகிறார். அன்றைக்குத் தண்ணி கட்டற வேலையும் போச்சு.

"இப்ப எல்லா ஊருக்கும் 4ஜி வந்தாச்சே, டேட்டாவும் மலிவாச்சே" என்பீர்கள். வந்தது நிஜம்தான், மறுக்கலை. டயல்-அப் காலமே தேவலைன்னு சொல்லவும் வரலை. போன் பில்லைப் பார்த்துப் பயந்த காலம் திரும்ப வேண்டாம். ஆனால் டவரில் 4ஜி இருப்பது வேறு, வாழைக்குள் நிற்கிறவன் கையில் வருவது வேறு. கரண்ட் போனால், மழை பிடித்தால், சாயங்காலம் எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தால் அது இறங்கும். அப்போதும் வேலை நடக்க வேண்டும். 1994-லேயே ஒரு பெட்டிக்கு அது தெரிந்திருந்தது.

அதனால செயலி, இணையதளம் செய்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுத்து முதலில் வரட்டும், படம் பின்னால் வரட்டும். நடுவில் லைன் அறுந்தால் நிரப்பிய படிவம் அழியாமல் இருக்கட்டும். மெதுவான லைன் என்று தெரிந்தால் ஓடிபிக்குக் கூட ரெண்டு நிமிசம் கொடுங்கள். வெளியிடுவதற்கு முன்னால் ஆபீஸ் வைஃபையை அணைத்துவிட்டு, உங்க சொந்த ஊருக்குப் போறப்ப, மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்துல நின்னு ஒருதடவை திறந்து பாருங்க. திறக்கலேன்னா, இன்னும் வேலை முடியலைன்னு அர்த்தம்.